நரம்பு என்று நாம் சொல்லும் நாண்

சில வருடங்களுக்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள். பெரியநீலாவணையில் எங்கள் வீட்டு முற்றத்தில் உழ்ஹிய்யா இறைச்சி பங்கு வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. என் ராத்தாவின் மகன் மருதமுனையில் தறி நெய்பவன். நூலோடு பழகிய கை. கத்தியோடு அவ்வளவு பழக்கமில்லை. இடது கையால் இறைச்சியை இறுக்கிப் பிடித்து வலது கையால் வெட்டும்போது கத்தி வழுக்கி மோதிர விரலின் அடிப்பக்கத்தில் இறங்கிவிட்டது. காயம் ஒன்றரை சென்ரிமீற்றர்கூட இராது. துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கழுவினார்கள், இரண்டு தையல் போட்டார்கள், ஏற்பு ஊசி குத்தினார்கள், ஒரு இரவு விடுதியில் வைத்திருந்து காலையில் அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் தையலும் வெட்டியாயிற்று. தோல் அழகாக ஆறியிருந்தது.

"மாமா, விரல் மடங்குதில்ல" என்றான்.

"நரம்பு இழுத்திருக்கும் மனே, போகப் போகச் சரியாகும்" என்றேன். வீட்டுக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் எண்ணெய் போட்டு உருவச் சொன்னார்.

இதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. நான் வைத்தியனில்லை, வைத்தியசாலையொன்றின் பதிவறையில் வேலை செய்தவன். நோயாளி வீடு போன பிறகு அவருடைய கட்டில் சீட்டு எங்களிடம் வரும். வைத்தியர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்து அதற்குரிய சர்வதேசக் குறியீட்டைக் கணினியில் பதிவதுதான் எங்கள் வேலை. மருமகனின் சீட்டும் என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: வெட்டுக்காயம், இடது மோதிர விரல், தைக்கப்பட்டது. எஸ்61.0 என்று பதிந்து அடுத்த சீட்டை எடுத்தேன். அவன் விரல் மடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வரிக்கும் அந்த விரலுக்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்குத் தட்டுப்படவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். தறி, மீன், வயல், தச்சு என்று எங்கள் கரையோர ஊர்களில் கையை நம்பித்தான் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆகவே அறிந்ததை எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

முதலில் அந்தச் சொல். நாம் நரம்பு என்று மூன்று வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறோம். மேல் கையில் நீலமாகத் தெரிவது இரத்தக் குழாய்; அதுவும் நமக்கு நரம்பு. தொடுகையையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது உண்மையான நரம்பு. தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்க்கும் வெள்ளைக் கயிறு தசைநாண். அதுவும் நம் வாயில் நரம்புதான். யாழின் கம்பியையும் பழந்தமிழில் நரம்பு என்றே சொன்னார்கள். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதுமல்ல. கிரேக்கத்தில் நரம்பைக் குறிக்கும் சொல்லே முதலில் நாணைக் குறித்த சொல்தான். கிரேக்க வைத்தியர் கேலன், தசைக்குள் நரம்பு நுழைவதையும் மறுமுனையில் வெண்ணிற நாண் வெளிவருவதையும் பார்த்து, நாணிலும் நரம்பு கலந்திருக்கிறது என்று கருதினார். அதைத் தைத்தால் வலிப்பு வரும் என்று அஞ்சினார். அவருடைய சொல் பல நூற்றாண்டுகள் சட்டமாக நின்றது. கை சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அறுந்த நாணைத் தைக்கலாம் என்று துணிந்து சொன்ன முன்னோடியாக இப்னு சீனாவை (980–1037) குறிப்பிடுகிறார்கள். அறபியில் நரம்புக்கு அஸப், நாணுக்கு வதர் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வதர் என்றால் வில்லின் நாணும்தான். தமிழிலும் நாண் என்ற நல்ல சொல் இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

இனி கைக்குள் போவோம். விரலுக்குள் தசை கிடையாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றன. இடது முன்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை புரள்வது தெரியும். அங்கிருந்து நாண்கள் கிளம்பி மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. நெய்பவருக்கு இது புதிதில்லை: மிதிப்பது கீழே, அசைவது மேலே, நடுவில் கயிறு.

பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நாண் இரண்டு. மேலோட்டமாக ஓடுவதை மேல்மடக்கி என்றும் அதற்கடியில் ஓடுவதை ஆழ்மடக்கி என்றும் இங்கே சொல்கிறேன். மேல்மடக்கி விரலின் நடு எலும்பில் முடிகிறது. ஆழ்மடக்கி நுனி எலும்பு வரை போகிறது. அடியில் ஓடுகிறது எப்படி மேலதைத் தாண்டி அதிக தூரம் போகும்? விரலின் அடிப்பகுதியில் மேல்மடக்கி இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பிளவுக்கூடாக ஆழ்மடக்கி நுழைந்து மேலே வந்து நுனிக்குப் போகிறது. பிளந்த இரு கிளைகளும் ஆழ்மடக்கிக்குப் பின்னால் மறுபடி சந்தித்து எலும்பில் ஒட்டுகின்றன. ஒரு விரலின் அகலத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. பெருவிரலுக்கு நீண்ட மடக்கி ஒன்றுதான். ஆக, விரலுக்கு இரண்டாக எட்டும் பெருவிரலுக்கு ஒன்றுமாக ஒன்பது நாண்கள் மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள சுரங்கத்துக்கூடாக வருகின்றன. கூடவே நடு நரம்பும் வருகிறது. மணிக்கட்டில் ஆழமான கண்ணாடி வெட்டு ஏன் அவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நாண் எலும்போடு ஒட்டி ஓடவேண்டும். தூண்டில் தடியில் நூல் விலகாமல் இருக்க வளையங்கள் வைத்திருக்கிறோமே, அதேபோல விரலின் உள்ளே நாணைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. வைத்தியர்கள் கப்பி என்பார்கள். முழு வளையங்கள் ஐந்து, ஏ1 முதல் ஏ5 வரை. இடையில் குறுக்கு வளையங்கள் மூன்று. இவற்றில் ஏ2, ஏ4 இரண்டும் போனால் நாண் விரலை விட்டு விலகி வில்லின் நாண் போல விறைத்து நிற்கும். தசை எவ்வளவு இழுத்தாலும் விரல் முழுதாக மடங்காது. வளையங்களுக்குள் நாண் உராயாமல் வழுக்கிப் போக மசகுத் திரவம் நிறைந்த ஓர் உறை. நாணுக்கு இரத்தம் கொண்டுவருவது மெல்லிய சில நாரிழைகள். மீதி ஊட்டம் அந்தத் திரவத்திலிருந்து. மிகக் குறைந்த உணவில் உயிர் வாழும் கயிறு அது. ஆகவேதான் ஆறுவதற்கும் நாள் எடுக்கும்.

சுவிட்சர்லாந்தின் கிளோட் வேர்டன் கையின் மடக்குப் பக்கத்தை வலயங்களாகப் பிரித்தார். இன்று உலகமெங்கும் ஐந்து வலயங்கள் என்று எண்ணுகிறார்கள். விரல் நுனிப் பக்கம் ஒன்று, முன்கை ஐந்து, மணிக்கட்டுச் சுரங்கம் நான்கு, உள்ளங்கை மூன்று. உள்ளங்கையின் மேல் ரேகைக்குப் பக்கத்தில் தொடங்கி விரலின் நடு எலும்பு வரை உள்ளது இரண்டாம் வலயம். இரண்டு நாண்களும் ஒரே இறுகிய உறைக்குள் நெருங்கி ஓடும் இடம் அது. அங்கே தைத்தால் தைத்த இடம் உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மரத்துப்போகும். அமெரிக்காவின் ஸ்ரேர்லிங் பனெல் இந்த வலயத்தை யாரும் கால் வைக்கக்கூடாத நிலம் என்றார். அங்கே அறுந்தால் உடனே தைக்க வேண்டாம், தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறு நாண் ஒட்டுப்போடுங்கள் என்பது அவர் காலத்துப் பாடம். 1960களில் லூயிவில்லின் ஹரோல்ட் கிளைனேர்ட்டும் அவரோடிருந்தவர்களும் அங்கேயே உடனடியாகத் தைத்து, இறப்பர் பட்டியால் விரலை மெதுவாக அசையவிட்டு, நல்ல பலன் காட்டிய பிறகுதான் பாடம் மாறியது. என் மருமகனுக்கு வெட்டு விழுந்தது இந்த இரண்டாம் வலயத்தில்தான்.

நம் பக்கத்தில் இந்தத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1940களின் பிற்பாதியிலிருந்து தொழுநோயால் மடங்கிச் சுருண்ட கைகளுக்கு நாண் மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். அவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி கை சத்திரசிகிச்சைக்கென்றே தனித் துறையொன்றைக் கட்டியெழுப்பினார். தொழுநோயாளியின் கையில் படித்த பாடம் பிறகு தொழிற்சாலையில் நசுங்கிய கைகளுக்கும் உதவியது.

சரி, தோலில் ஒரு சின்னக் கீறல்; உள்ளே நாண் அறுந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. முதலில் பார்க்கவேண்டும். கையை மல்லாத்தித் தளர விடுங்கள். விரல்கள் தாமாகவே வளைந்து நிற்கும். சுட்டுவிரல் குறைவாகவும் சின்னவிரல் அதிகமாகவும். நாண் அறுந்த விரல் மட்டும் அந்த வரிசையிலிருந்து விலகி நீட்டிக்கொண்டிருக்கும். அழும் பிள்ளையிடம் மடக்கு, நீட்டு என்று சொல்லமுடியாது. மணிக்கட்டைப் பின்பக்கமாக மெதுவாகச் சாய்த்தால் நல்ல விரல்கள் தாமாகவே சுருளும், அறுந்தது சுருளாது. ஒரு உம்மா வீட்டிலிருந்தே கவனிக்கக்கூடிய விஷயம் இது.

பிறகு ஒவ்வொரு நாணாகப் பார்க்கவேண்டும். காயப்பட்ட விரலின் நடு எலும்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால், மடங்கினால் ஆழ்மடக்கி இருக்கிறது. மற்ற விரல்கள் எல்லாவற்றையும் நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் மடக்கச் சொன்னால், நடு மூட்டில் மடங்கினால் மேல்மடக்கி இருக்கிறது. ஏன் மற்ற விரல்களை அழுத்தவேண்டும்? நடுவிரல், மோதிர விரல், சின்னவிரல் மூன்றின் ஆழ்மடக்கிகளும் பெரும்பாலும் ஒரே தசைக் கூட்டிலிருந்து வருகின்றன. ஒன்றைப் பிடித்தால் மற்றதும் சோர்ந்துவிடும். அப்போது வேலை செய்ய மிஞ்சுவது மேல்மடக்கி மட்டும். (சிலருக்குச் சின்னவிரலில் மேல்மடக்கி தனித்து இயங்காது, அதனால் மறு கையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.) விரலின் இரண்டு பக்கமும் தொடுகை தெரிகிறதா என்று பார்ப்பது கடைசி. நாணுக்குப் பக்கத்திலேயே விரல் நரம்பு ஓடுகிறது. ஒரே கத்தி இரண்டையும் எடுத்துவிடும்.

காயத்துக்குள் எட்டிப் பார்த்து நாண் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏமாறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. இறைச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும்போது விரல் மடங்கியிருக்கிறது. மடங்கிய நிலையில் நாண் அறுந்தால், பிறகு விரலை நீட்டிப் பார்க்கும்போது அறுந்த முனை காயத்துக்கு அப்பால் நுனிப் பக்கமாக நகர்ந்திருக்கும். மறுமுனையைத் தசை இழுத்து உள்ளங்கை வரை கொண்டுபோயிருக்கும். காயத்தின் வாசலில் எதுவும் தெரியாது. ஒரு நாண் மட்டும் அறுந்திருந்தால் இன்னும் மோசம்: மற்றது விரலை ஓரளவு மடக்கும்; வலியால் மடக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இனி என் மேசைக்கு வருகிறேன். நோய்களுக்கு எண் கொடுக்கும் பழக்கம் 1893இல் பிரான்சின் ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. உலக சுகாதார அமைப்பு 1990இல் ஏற்றுக்கொண்ட பத்தாவது திருத்தத்தைத்தான் எங்கள் நாட்டு அரச வைத்தியசாலைகளிலும் பாவிக்கிறோம். (பதினோராவது திருத்தம் 2022 ஜனவரியில் உலகளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.) விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு காலாண்டுதோறும் கொழும்பிலுள்ள மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. காயங்கள்தான் பல வருடங்களாக இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதற்கு முதல் காரணம்.

குறியீட்டுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தெரிந்துகொண்டால் சுவையாகவும் இருக்கும். எஸ் என்ற எழுத்து காயம். அடுத்த இலக்கம் உடலின் இடம்: 5 என்றால் முழங்கையும் முன்கையும், 6 என்றால் மணிக்கட்டும் கையும். அதற்கடுத்த இலக்கம் காயம் எந்தப் பொருளில் விழுந்தது என்பது. 0 மேற்தோல் சிராய்ப்பு, 1 திறந்த காயம், 2 எலும்பு முறிவு, 3 மூட்டு விலகல், 4 நரம்பு, 5 இரத்தக் குழாய், 6 தசையும் நாணும், 7 நசிவு, 8 துண்டிப்பு. ஆகவே எஸ்61 என்றால் கையில் திறந்த காயம். எஸ்64 என்றால் கையில் நரம்பு. எஸ்66 என்றால் கையில் நாண். வீட்டில் நரம்பு என்ற ஒரு சொல்லில் நாம் அடைத்து வைத்திருப்பதை இந்தப் பட்டியல் 4, 5, 6 என்று மூன்றாகப் பிரித்துவிட்டது.

புள்ளிக்குப் பின் வருவது இன்னும் நுட்பம். எஸ்66.0 பெருவிரலின் நீண்ட மடக்கி. எஸ்66.1 மற்ற விரல்களின் மடக்கி. 66.2, 66.3 இரண்டும் அதேபோல நீட்டும் நாண்களுக்கு. பல மடக்கி நாண்கள் ஒன்றாக அறுந்தால் 66.6. முன்கையில் அறுந்தால் எஸ்56க்குப் போகவேண்டும். காயம் எப்படி விழுந்தது என்பதற்கு இன்னொரு குறியீடு வேண்டும்: கத்தி என்றால் டபிள்யூ26, கண்ணாடி என்றால் டபிள்யூ25. மாதங்கள் கழித்து, ஆறிய கையின் பழைய குறைபாட்டுக்காக வருகிறவருக்கு டி92.5 என்ற பின்விளைவுக் குறியீடும் உண்டு.

என் மருமகனுக்கு விழுந்திருக்கவேண்டியது எஸ்66.1, கூடவே தொடுகை ஒரு பக்கம் போயிருந்ததால் எஸ்64.4. நான் போட்டது எஸ்61.0. ஆனால் பதிவறையில் இருப்பவன் சீட்டில் இல்லாததைப் பதிய முடியாது. நாண் பற்றி ஒரு சொல் சீட்டில் எழுதப்படவில்லை என்றால் அது பரிசோதிக்கப்படவில்லை என்று பொருளா, பரிசோதித்து நன்றாக இருந்தது என்று பொருளா என்பது எங்களுக்குத் தெரியாது. நான் செய்திருக்கக்கூடியது சீட்டை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், "டொக்டர், நாண் பார்த்தீங்களா?" என்று கேட்பது. பிழையான குறியீட்டால் அவன் விரல் கெடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் மூன்றாம் நாளே தெரிந்திருக்கும். தெரியாமல் போனதற்கு என் பங்கு அவ்வளவு.

இதைவிடப் பெரிய விஷயமும் இருக்கிறது. எங்கள் பகுதியில் நாண் அறுந்து மடங்காமல் போன விரல்கள் எல்லாம் எஸ்61க்குள் திறந்த காயமாக ஒளிந்துகொண்டால், கொழும்பில் கணக்குப் பார்ப்பவருக்கு இங்கே சின்னச் சின்ன வெட்டுக்காயங்கள்தான் தெரியும். கை பார்க்கும் நிபுணரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இங்கே தேவை என்று கேட்பதற்குக் கையில் எண் இருக்காது. வெளிநோயாளர் பிரிவில் தைத்து அனுப்பப்படுகிறவர்கள் விடுதிக் கணக்கில் வருவதே இல்லை. அது வேறு துயரம்.

உலக சுகாதார அமைப்பின் பட்டியல் பெருவிரலை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு மற்ற நான்கையும் ஒரே எண்ணில் போடுகிறது. இடதா வலதா, சுட்டா சின்னதா என்று கேட்பதில்லை. வேர்டனின் வலயங்களும் அதில் இல்லை. அமெரிக்கர்கள் தங்களுக்கென விரித்து வைத்திருக்கும் பதிப்பில் எஸ்66.120 என்றால் வலது சுட்டுவிரலின் மடக்கி வெட்டு, 66.125 என்றால் இடது மோதிர விரல். அதற்குப் பின்னால் முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று ஓர் எழுத்தும் வரும். அங்கே காப்புறுதிப் பணம் குறியீட்டைப் பார்த்து வருவதால் இந்தக் கவனம்.

விரலுக்கு விரல் வேறுபாடு பார்ப்பதா, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொள்வதா என்ற இந்தக் கேள்வி நம் ஃபிக்ஹு வாசித்தவர்களுக்குப் புதிதல்ல. இமாம் ஷாபிஈ அவர்கள் தமது அர்-ரிஸாலாவில் இதை எடுத்துப் பேசுகிறார்கள். ஒரு கைக்கான நட்டஈடு ஐம்பது ஒட்டகம் என்பது தெரிந்திருந்தது. உமர் (றழி) அவர்கள் அதை விரல்களின் அழகையும் பயனையும் பார்த்துப் பிரித்தார்கள்: பெருவிரலுக்கு 15, சுட்டுவிரலுக்கு 10, நடுவிரலுக்கு 10, மோதிர விரலுக்கு 9, சின்னவிரலுக்கு 6. கூட்டினால் ஐம்பது. பிறகு அம்ர் இப்னு ஹஸ்ம் (றழி) குடும்பத்தாரிடமிருந்து நபியவர்களின் கடிதம் கிடைத்து, அதில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து என்றிருக்கக் கண்டதும் எல்லோரும் அதன்பால் திரும்பினார்கள். ஆதாரம் கிடைத்ததும் சொந்தக் கணிப்பை விடுவதற்கு இமாம் அவர்கள் காட்டும் உதாரணம் இது.

நான் வியந்தது வேறு ஓர் இடத்தில். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஊனமதிப்பீட்டு வழிகாட்டி இன்று கையின் பயனை இப்படிப் பிரிக்கிறது: பெருவிரல் நூற்றுக்கு 40, சுட்டு 20, நடு 20, மோதிரம் 10, சின்னது 10. உமர் (றழி) அவர்களின் கணிப்பை நூற்றுக்கு மாற்றினால் 30, 20, 20, 18, 12. சுட்டும் நடுவும் அப்படியே பொருந்துகின்றன. விரல்களுக்குள் வித்தியாசம் பார்க்கும் கண் இரண்டிலும் ஒன்றுதான். சட்டமாக நின்றதோ சமத்துவம். பெருவிரல் போனவன் நெசவாளியா கணக்கெழுதுகிறவனா, சின்னவிரல் போனவன் ஊது குழல்காரனா என்று வழக்காடிக்கொண்டிராமல் பத்து என்று முடிப்பதில் ஏழைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். ஆலிம்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். விரல் துண்டாகாமல் செயலிழந்து போனாலும் ஷாபிஈ மத்ஹபில் அது விரல் போனதாகவே கணக்கு. பாதி குறைந்தால் ஹுகூமா எனும் மதிப்பீடு. இவையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கிழைத்தபோது வருபவை. தன் கத்தியால் தானே வெட்டிக்கொண்டவனுக்கு அல்ல. நம் நாட்டுச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை செய்யுமிடத்தில் கை பழுதானால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணை உழைப்புத் திறனிழப்பை நூற்றுவீதத்தில் சொல்கிறது. அங்கேயும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உடனே கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்? சில நாட்களுக்குள் அறுந்த இரு முனைகளையும் தேடி எடுத்து, நாணின் உட்பகுதிக்கூடாகப் பலமான நூலை நான்கு தடவையோ அதற்கு மேலோ ஓட்டி இழுத்துக் கட்டி, விளிம்பைச் சுற்றி மெல்லிய நூலால் தைப்பார்கள். இழை அறுந்த பாவை முடிந்து நீவி விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: முடிச்சு தடித்தால் சிக்கும், மெலிந்தால் அறும். அதன் பிறகு கையின் பின்பக்கம் ஸ்பிளின்ற் வைத்து விரலை வளைந்த நிலையில் காத்து, சொன்ன அளவுக்கு மட்டும் நாள்தோறும் அசைப்பார்கள். அசையாவிட்டால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைந்தால் அறுந்துபோகும். முதல் ஆறு கிழமை மிகக் கவனம். பாரம் தூக்கப் பன்னிரண்டு கிழமை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நம்மவர்களில் சிலர் வுழுவுக்காக ஐந்து நேரமும் ஸ்பிளின்ற்றைக் கழற்றிக் கழுவுகிறார்கள். தைத்த நாண் முதல் இரண்டு கிழமைக்குள் இளகி மிகவும் பலவீனமாக இருக்கும். கழற்றிய கை தன்னையறியாமல் ஒரு வாளியைப் பிடித்தாலே போதும், உள்ளே அறுந்துவிடும். மத்ஹபில் இதற்கு வழி இருக்கிறது: கழுவக்கூடியதைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, கழுவாத பகுதிக்காகத் தயம்மும் செய்வது. மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுஜூதில் அந்தக் கையில் பாரம் போடுவதையும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மருமகனுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கடந்து, ஊருக்கு வெளியே பெரிய வைத்தியசாலையொன்றில் கை தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அவன் கையைத் தொடாமலே, மேசையில் தளர வைக்கச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் அறுந்திருக்கு தம்பி" என்றார். அதற்குள் நாண் உள்ளங்கையில் சுருண்டு, வளையங்கள் சுருங்கி, பாதை மூடிவிட்டிருந்தது. இரண்டு கட்டமாகச் செய்யவேண்டி வந்தது. முதலில் விரலுக்குள் ஒரு சிலிக்கோன் குச்சியை வைத்து வளையங்களைப் புதிதாகக் கட்டினார்கள். மூன்று மாதம் அந்தக் குச்சியைச் சுற்றி ஒரு புதிய உறை உருவாகும் வரை காத்திருந்தார்கள். பிறகு குச்சியை எடுத்துவிட்டு அந்தப் பாதையில் வேறொரு நாணை ஓட்டினார்கள்.

அந்த நாண் அவன் முன்கையிலிருந்தே வந்தது. பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் ஒரு கயிறு துருத்தும், பாருங்கள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அது பிறவியிலேயே இல்லை. இல்லாததால் அவர்களுக்கு எந்தக் குறையுமில்லை. நாண் ஒட்டுப்போட முதலில் தேடுவது அதைத்தான். அதைக் கேட்டபோது ராத்தா, "அல்லாஹ் இதுக்குத்தான் ஒண்ட மிச்சமா வெச்சிருக்கான் போல" என்றா.

ஒரு வருடம் போய்விட்டது. அந்த ஒரு வருடமும் தறி சும்மா கிடந்தது. பாவு ஓட்டக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். இப்போது நெய்கிறான். விரல் உள்ளங்கையைத் தொடுவதில்லை. ஒரு விரற்கடை இடைவெளி நிற்கிறது. அத்தஹிய்யாத்தில் மற்றவர்கள் கையை மூடும்போது அவனுடைய இடது கையை யாரும் கவனிப்பதில்லை, அது துடையில் விரித்துத்தானே இருக்கிறது. இழை அறுந்தால் முடிவதற்கு மட்டும் முன்னரைவிட நேரம் எடுக்கிறது என்கிறான். விரலின் ஒரு பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. நூல் அந்தப் பக்கம் பட்டால் தெரியாது.

அதன் பின்னர் கையில் வெட்டுக்காயம் என்று எந்தச் சீட்டு வந்தாலும் விடுதிக்குக் கொண்டுபோய்க் கேட்கத் தொடங்கினேன். சில டொக்டர்மார் சிரித்தார்கள். சிலர் சீட்டை வாங்கி நாண் நன்று, நரம்பு நன்று என்று இரண்டு சொல் எழுதித் தந்தார்கள். இரண்டு தடவை, "ஆளக் கூப்பிடுங்க, இன்னொருக்காப் பாப்பம்" என்றார்கள். மருமகனின் முதல் சீட்டைத் திருத்த முடியவில்லை. அந்தக் காலாண்டின் கணக்கு கொழும்புக்குப் போய்விட்டது. அதில் அவனுடைய விரல் இன்னும் எஸ்61.0 தான்.